உஷார்! சின்ன மலைதானே என்று கிளம்பாதீர்கள்

உஷார்! நீங்கள் குளித்துக்கொண்டிருக்கிற இடத்தில் ஒரு துளி மழை இருக்காது. நல்ல வெயில். பிள்ளைகள் கல்லுக்குக் கல் தாவிக்கொண்டிருப்பார்கள். ஆனால் நாலைந்து கிலோமீற்றர் மேலே, சிவனொளிபாதமலைக் காட்டுக்குள், அரைமணி நேரமாக மழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் முழுவதும், நீங்கள் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்திருக்கிற அந்தக் கல்லுக்குத்தான் வந்துகொண்டிருக்கும். அது வந்து சேருமுன் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். சில நேரம் அதுவும் கிடையாது.

யாரையும் லயத்துக்குள் பூட்டி வைப்பதற்காக இதை எழுதவில்லை. வருடம் முழுக்கக் கொழுந்து, ரப்பர் பால் என்று ஓடுகிற குடும்பத்துக்கு ஒரு போயா லீவு, ஒரு வேன் ஹயர், பிள்ளைகளோடு ஒரு நாள் வேண்டும்தான். நுவரெலியாவுக்குப் போய்த் தங்கிவரச் செலவு தாங்காது. அதனால் பக்கத்து மலைக்கும் ஆற்றுக்கும் போகிறோம். குருவிட்டப் பக்கத்தார் போபத் எல்ல நீர்வீழ்ச்சிக்கு. யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலைப் பக்கத்தார் கித்துல்கலைக்கு. மாவனெல்லை, அரநாயக்கப் பக்கத்தார் பத்தலேகலைக்கு. பலாங்கொடைப் பக்கத்தார் பெலிஹுல்ஓயாவுக்கு. தெரிந்த ஊர், தெரிந்த ஆறு, சின்ன மலை.

அந்தத் துணிச்சல்தான் ஆளைக் கொல்கிறது. சிவனொளிபாதமலைக்கு ஏறுகிறவர் விரதமிருந்து, டோர்ச்சும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொண்டு, பெரியவர்களிடம் வழி கேட்டுப் போகிறார். பக்கத்து மலைக்குப் போகிறவர் ரப்பர் செருப்போடு போகிறார். வானத்தைப் பார்ப்பதில்லை, யாரிடமும் கேட்பதில்லை, திரும்பும் நேரத்தையும் முடிவு செய்வதில்லை.

லீவு நாளும் மழை நாளும் ஒன்றுதான்

இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. இலங்கையில் அதிகம் நனைகிற ஊர்களில் அதுவும் ஒன்று. மழை பெய்கிற காலத்தையும் நம் லீவுக் காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் காலை வெளுத்திருக்கும். பகல் இரண்டு மணிக்குப் பிறகு இடியும் மழையும் சேர்ந்து வரும். சித்திரைப் புத்தாண்டு லீவு அதற்குள்தான் விழுகிறது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று. வெசாக் போயா லீவு அதற்குள். ஒக்டோபர், நவம்பரில் மறுபடியும் பிற்பகல் இடிமழை, கூடவே வங்கக் கடல் புயல்கள், தீபாவளி அதற்குள். டிசம்பர் கடைசியிலிருந்து பெப்ரவரி வரைதான் ஓரளவு காய்ந்த காலம். அப்போதும் மழை வராது என்று எழுதிக் கொடுக்க ஆளில்லை.

ஆகவே முதல் விதி: எந்த மாதமானாலும் காலையில் போங்கள், பகல் ஒரு மணிக்கு ஆற்றை விட்டும் மலையுச்சியை விட்டும் இறங்கிவிடுங்கள். வேன் பதினொரு மணிக்குத்தான் போய்ச் சேரும் என்றால், அன்றைக்குக் குளியல் கிடையாது. ஆற்றங்கரைக்கு மேலே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். பிள்ளைகள் அழுவார்கள். அழட்டும்.

ஆறு கலங்கினால் பேச்சே இல்லை, ஏறு!

போபத் எல்லவில் விழுவது குரு கங்கை. அது சிவனொளிபாதமலைத் தொடரில் பிறந்து, எரத்ன பக்கமாக இறங்கி வருகிறது. பெலிஹுல் ஓயா பிறப்பது 2,000 மீற்றருக்கு மேலே, ஹோட்டன் சமவெளியில். மேலே செங்குத்துச் சரிவு, கீழே கற்பாறைத் தரை. ஊறி நிற்க இடமில்லாத மழை நேரே ஆற்றுக்குள் இறங்கும். அடிவாரத்தில் முழங்கால் அளவு ஓடிய ஆறு, கொஞ்ச நேரத்திலேயே இடுப்பளவாகி, தலைக்கு மேல் போய்விடும். தண்ணீரோடு மரக்கட்டையும் உருளும் கல்லும் வரும். நீந்தத் தெரிந்தவரையும் முதலில் அடித்து வீழ்த்துவது தண்ணீர் அல்ல, அந்தக் கட்டைதான்.

ஆறு பெரும்பாலும் சொல்லாமல் வராது. கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஒரு குடும்பம் ஆற்றுக்கு நடுவில் இருக்கிற தட்டைக் கல்லில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். லன்ச் ஷீட்டில் சோறு. கல்லின் ஓரத்தில் சின்னவளின் இரண்டு செருப்பும் காய்கின்றன. ஸ்பீக்கரில் பாட்டு. தாய் சொல்கிறாள்:

"ஏங்க, தண்ணி கலங்குதுங்க."

"மேல யாராச்சும் மாடு கழுவுவாங்க. நீ சாப்பிடு."

"இல்லங்க, எல சருகெல்லாம் வருதே."

"இப்பத்தானே வந்தோம். அதுக்குள்ள கிளம்புன்னா எப்படி?"

அதற்குள் சின்னவளின் ஒரு செருப்பு மிதந்து போய்விட்டது. காய்ந்திருந்த கல்லின் ஓரம் நனைந்துவிட்டது. கரைக்கும் கல்லுக்கும் நடுவே, வரும்போது கணுக்காலை நனைத்த தண்ணீர் இப்போது தொடையைத் தொடுகிறது. இந்தப் பேச்சு நடந்த நேரம்தான் அந்தக் குடும்பம் கரையேறியிருக்க வேண்டிய நேரம்.

இந்த அடையாளங்களை வேனுக்குள்ளேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். தெளிந்த தண்ணீர் பிளேன்டீ நிறத்துக்கு மாறுவது. இலை, சருகு, சுள்ளி, நுரை கூட்டமாக மிதந்து வருவது. ஆற்றின் சத்தம் கனத்துப்போவது, மேலிருந்து உறுமல் கேட்பது. திடீரென்று குளிர்காற்றும் மண்வாசனையும் அடிப்பது. இவற்றில் எதையும்விட மோசமானது, ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் காரணமில்லாமல் குறைவது. மேலே மரமோ மண்ணோ விழுந்து ஆற்றை அடைத்திருக்கலாம். அந்த அடைப்பு உடைந்தால் எல்லாம் ஒரேயடியாக வரும். தண்ணீர் குறைந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம் என்று நினைப்பவர் நேரே அதன் வாய்க்குள் போகிறார்.

இன்னொன்று. போய்ச் சேர்ந்தவுடன், தண்ணீர் கல்லைத் தொடுகிற விளிம்பில் ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்ப்பது ஒரு பிள்ளையின் வேலை. கல் நனைந்தால் எல்லோரும் வெளியே. ஒரு சதமும் செலவில்லாத எச்சரிக்கை மணி இது.

அடையாளம் தெரிந்தால் ஆற்றோரமாகக் கீழே ஓடாதீர்கள். ஆறு உங்களைவிட வேகம். கரையைப் பிடித்து மேட்டில் ஏறுங்கள். பாத்திரம், போன், செருப்பு எதற்கும் திரும்பாதீர்கள். ஆற்றின் நடுக்கல்லில் உட்காரவே உட்காராதீர்கள். எந்தக் கரையில் வேன் நிற்கிறதோ அந்தக் கரையிலேயே இருங்கள். வேகமாக ஓடுகிற தண்ணீர் அரை அடி ஆழம் இருந்தாலே வளர்ந்த ஆளை நிலைகுலைத்துவிடும். ஒரு அடி ஆழம் சின்னக் காரை நகர்த்தும். பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், டிரைவர் தம்பி எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும், வேன் நிற்கட்டும்.

எல்லயின் அடியில் என்ன இருக்கிறது?

போபத் எல்ல சுமார் 30 மீற்றர் உயரம். பார்க்க அழகு. அதன் அடி பல உயிர்களை வாங்கிய இடம் என்று ஊர்க்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். காரணம் பேயும் இல்லை, சாபமும் இல்லை. உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் அடியைக் குடைந்து ஆழக் குழி போட்டு வைத்திருக்கிறது. விழுகிற இடத்தில் வெள்ளையாகத் தெரிவது தண்ணீரும் காற்றும் கலந்த நுரை. அதில் உடம்பு சரியாக மிதக்காது. மேலே வந்தவரையும் விழுகிற தண்ணீர் மறுபடி உள்ளே அழுத்தும். பக்கத்துப் பாறையின் அடியில் பொந்துகள் இருக்கும். கால் சிக்கினால் எடுக்க முடியாது. நீச்சல் தெரிந்தவர்களும் சாவது இதனால்தான்.

பாறையின் மேல் பச்சையாகவோ கறுப்பாகவோ பளபளக்கிற இடம் பாசி. அதில் எந்தச் செருப்பும் நிற்காது. எல்லயின் தலைப்பக்கம் ஏறி நின்று போட்டோ எடுக்கப் போகிற மருமகன்மாரைத் தடுங்கள். செல்பி எடுக்கிறவரின் கண் போனில் இருக்கும், கால் பாசியில் இருக்கும்.

இரத்தினபுரிப் பக்கம் இன்னொரு ஆபத்து மண்ணுக்குள் இருக்கிறது. மாணிக்கக்கல் தோண்டுகிறவர்கள் குழியை மூடிவிட்டுப் போக வேண்டும் என்பது அனுமதியோடு வருகிற நிபந்தனை. ஆனால் மூடாமல் விட்ட குழிகள் வயலோரத்திலும் ஆற்றோரத்திலும் உண்டு. மழைக்காலத்தில் நிரம்பி, மேலே பாசியும் செடியும் படர்ந்தால், சின்னக் குட்டை என்று நினைக்கத் தோன்றும். இறங்கினால் கால் தட்டாது. ஆற்றுக்குள்ளேயே தோண்டிய இடங்களும் அப்படித்தான்: முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்த பிள்ளை அடுத்த அடியில் காணாமல் போகும். போன வருடம் குளித்த இடம்தானே என்ற கணக்கு இங்கே செல்லாது. போன வருடம் அங்கே குழி இருந்திருக்காது. கரையோரக் கடையில் கேளுங்கள், ஆற்றில் துணி துவைக்கிற அக்காமாரிடம் கேளுங்கள். அபாயப் பலகையில் சிங்களம் மட்டும் இருந்து வாசிக்கத் தெரியாவிட்டால், அது என்ன என்று கேட்காமல் இறங்காதீர்கள். பலகை வைத்திருக்கிறார்கள் என்றாலே அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

யாராவது மூழ்கினால் நெஞ்சு பதறும், பாயத் தோன்றும். பாயாதீர்கள். மூழ்குகிறவர் பிடித்த பிடியை விடமாட்டார்; ஒருவரைக் காப்பாற்றப் போய் அண்ணன், தம்பி, தகப்பன் என்று வரிசையாகப் போன குடும்பங்கள் உண்டு. கரையில் படுத்துக்கொண்டு மூங்கில் கம்பை நீட்டுங்கள். சேலையை முறுக்கி வீசுங்கள். மூடி இறுக்கிய வெறும் ஐந்து லீற்றர் தண்ணீர்க் கேனைக் கயிற்றில் கட்டி எறியுங்கள். அதைக் கட்டிப்பிடித்தால் மிதக்கலாம். போகும்போதே வேனில் ஒரு நீளக் கயிறும் இரண்டு வெறுங்கேனும் இருக்கட்டும்.

வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டுமே தவறு. போகிற உயிரை அது வேகமாகப் போக்கும். மூச்சு இல்லையென்றால் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள். பிறகு மார்பின் நடுவே வேகமாக 30 அழுத்து, 2 மூச்சு என்று அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் செய்யுங்கள். கண் திறந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும்.

கித்துல்கலையில் மழை தேவையே இல்லை

'தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படம் எடுத்த இடம் என்று 1957இலிருந்து பெயர் வாங்கிய ஊர் கித்துல்கல. இப்போது படகுச் சவாரிக்காக வேன் வேனாக ஆட்கள் வருகிறார்கள். அங்கே ஓடுகிற களனி கங்கைக்குத் தண்ணீர் இரண்டு கைகளிலிருந்து வருகிறது: கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா. இரண்டின் மேலும் மின்சார சபையின் நீர்த்தேக்கங்களும் மின் நிலையங்களும் அடுக்கடுக்காக இருக்கின்றன. காசல்ரீ, நோர்ட்டன்பிரிட்ஜ் ஒரு பக்கம், மவுஸாக்கலை, கெனியோன், லக்ஷபான மறுபக்கம், கீழே பொல்பிட்டிய.

மின் நிலையம் ஓடுகிற நேரத்தில் ஆற்றுமட்டம் ஏறும், நிறுத்தினால் இறங்கும். மலைநாட்டில் விடிய விடிய மழை பெய்தால் வான்கதவைத் திறப்பார்கள். நோர்ட்டன்பிரிட்ஜ், கெனியோன், லக்ஷபான வான்கதவுகள் திறந்துவிட்டன, களனி கங்கையின் இரு கரையிலும் இருப்பவர்கள் கவனமாக இருக்கவும் என்று மழைக்காலத்தில் வானொலிச் செய்தியில் வருவது உங்கள் ஊருக்கும்தான். அந்த நேரம் கித்துல்கலையில் வெயில் எரித்துக்கொண்டிருக்கலாம். ஆகவே அங்கே போகிற அன்று காலைச் செய்தியைக் கேட்காமல் வேன் ஏறாதீர்கள். படகில் ஏறுவதென்றால் உயிர்காப்பு அங்கியும் ஹெல்மட்டும் சரியான அளவில் இருக்க வேண்டும். பிள்ளையின் அங்கியைத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்கு உரியதல்ல. பெரியவர்களில் யாராவது குடித்திருந்தால் அவர் கரையில் இருந்து படம் எடுக்கட்டும்.

கல்லுச்சியில் நிற்கும்போது

பத்தலேகல 798 மீற்றர் உயரம். காலையில் ஏறி மத்தியானத்துக்குள் இறங்கிவிடலாம். அதனால்தான் பாட்டியிலிருந்து கைக்குழந்தைவரை எல்லோரையும் கூட்டிப் போகத் தோன்றுகிறது. உச்சி வெறும் கல். அங்கே ஒரு மனிதர் நின்றால், சுற்றுவட்டாரத்தில் மிக உயரமான பொருள் அவரேதான். மின்னல் தேடுவதும் அதைத்தான்.

மின்னலைப் பார்த்தவுடன் எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர் என்பது கணக்கு. முப்பது எண்ணுமுன் இடி கேட்டால், மின்னல் பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது. அடுத்தது உங்கள் மேல் விழலாம். உடனே இறங்குங்கள். தனி மரத்தின் அடியில் நிற்காதீர்கள், குடையைப் பிடிக்காதீர்கள், எல்லோரும் ஒன்றாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகும்வரை உச்சிக்குத் திரும்பும் பேச்சு வேண்டாம்.

குளவியைப் பற்றித் தோட்டத்து மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொழுந்து மலையில் கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். ஆனால் வேலைக்குப் போகும்போது இருக்கிற கவனம் ட்ரிப் போகும்போது இருப்பதில்லை. கற்பாறை முகத்திலும் எல்லப் பக்கத்திலும் மலைத்தேனீ பெரிய அடையாகத் தொங்கும். அடியில் அடுப்பு மூட்டிப் புகை போடுவது, பட்டாசு போடுவது, கல் எறிவது, கூச்சல் போடுவது எல்லாமே அதை எழுப்பிவிடும். எழும்பினால் கையை வீசாமல், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, வேனுக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ ஓடுங்கள். தண்ணீருக்குள் குதிக்காதீர்கள், அவை மேலேயே காத்திருக்கும், நீங்கள் மூழ்குவீர்கள். கொட்டு வாங்கியவருக்கு முகம் வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, தலை சுற்றினாலோ சுண்ணாம்பு தடவிக்கொண்டு நேரம் கடத்தாதீர்கள். ஆஸ்பத்திரிதான்.

மலையே இறங்கி வந்தால்

2016 மே 17. நாட்கணக்கில் பெய்த மழைக்குப் பிறகு அரநாயக்கவில் சாமசர கந்த சரிந்தது. சிரிபுர, பல்லேபாகே, எலங்கபிட்டிய என்ற கிராமங்களின் மேல் மண் இறங்கியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக நூற்றுக்கு மேல். அதே நாளில் புளத்கோஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. 2017 மே கடைசியில் இரத்தினபுரி, களுத்துறைப் பக்கம் வெள்ளமும் மண்சரிவும். 2025 நவம்பர் 22இல் கண்டி வீதியில் பஹல கடுகண்ணாவையில் வீதியோரக் கடையின் மேல் மேடு சரிந்து உயிர்கள் போயின. அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்குள் டித்வா புயல் வந்து மலைநாடு முழுவதையும் புரட்டிவிட்டது.

அந்தக் கடுகண்ணாவைக் கடையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பயணம் போகிறவர்கள் டீ குடிக்க நிறுத்துகிற இடங்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன. முன்னால் வீதி, பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்மேடு. மழை நாளில் டீக்கடையைப் பார்க்குமுன் அதன் முதுகைப் பாருங்கள். மேட்டிலிருந்து சேற்றுத் தண்ணீர் ஊறினாலோ, சின்னக் கற்கள் உருண்டாலோ, மரமும் லைட் கம்பமும் சாய்ந்து நின்றாலோ, நிலத்தில் புது வெடிப்பு இருந்தாலோ, எப்போதும் ஓடுகிற பீலித் தண்ணீர் திடீரென்று நின்றுவிட்டாலோ, வேனை நிறுத்தாதீர்கள். டீயை அடுத்த ஊரில் குடிக்கலாம்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிலையாக, பிரதேச செயலகப் பிரிவு வாரியாக விடுகிறது: மஞ்சள் என்றால் விழிப்பாக இரு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இரு, சிவப்பு என்றால் வெளியேறு. மழைக் கணக்கும் உண்டு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் தயார், 150ஐத் தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ வெளியேற வேண்டும். மஞ்சள்தானே, போகலாமா என்று கேட்காதீர்கள். வீட்டில் இருப்பவருக்கு அது விழிப்பு. ட்ரிப் போகிறவருக்கு மஞ்சளே சிவப்புதான். நீங்கள் போகும் ஊருக்கும் வழியிலுள்ள ஊர்களுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் லயத்துக்கே எச்சரிக்கை வந்திருந்தால், பாட்டியைத் தனியே விட்டுவிட்டு மற்றவர்கள் எல்லோரும் ட்ரிப் போவது என்ன நியாயம்?

மூடுகிற கை இங்கே யாருடையது?

கனடாவுக்குப் போன சொந்தக்காரர்கள் பனிக்காலத்தில் வாட்சப்பில் படம் அனுப்புவார்கள்: பிள்ளைகள் காலில் இரண்டு நீளப் பட்டையைக் கட்டிக்கொண்டு பனிச்சரிவில் வழுக்கி இறங்குவது. டொரொண்டோவில் ஏர்ல் பேல்ஸ் பூங்காவில் நகரசபையே அப்படி ஒரு சின்னச் சறுக்கு மேட்டை நடத்துகிறது. படத்தில் நாம் பார்ப்பது சிரிப்பும் பனியும். பார்க்காமல் விடுவது ஒன்று உண்டு. அங்கே சரிவுக்குச் சரிவு அடையாளம் இருக்கிறது. பச்சை வட்டம் என்றால் பழகுநருக்கு, நீலச் சதுரம் என்றால் ஓரளவு தெரிந்தவருக்கு, கறுப்பு வைரம் என்றால் கைதேர்ந்தவருக்கு. நிலைமை சரியில்லாத சரிவைக் கயிறு கட்டி மூடிவிடுவார்கள். காற்று பலமாக அடித்தால் ஆளை மேலே கொண்டுபோகிற லிஃப்ட் நின்றுவிடும். விழுந்தவரை எடுக்கப் பயிற்சி பெற்ற காவல் ஆட்கள் சரிவிலேயே இருப்பார்கள். இத்தனையும் ஒரு சின்ன மேட்டுக்கு.

நம் போபத் எல்லவுக்கும் பத்தலேகலைக்கும் தெரணியகலைப் பக்கத்துப் பெயரில்லாத எல்லகளுக்கும் கயிறு கட்ட யார் இருக்கிறார்கள்? பெரிய இடங்களில் லீவு நாட்களில் பொலிஸோ ஊர் இளைஞர்களோ நிற்கலாம். மற்ற இடங்களில் காகம்கூட இராது. பிரதேச சபைகள் ஆற்றோரத்தில் மூன்று மொழியில் பலகை வைக்க வேண்டும், ஆபத்தான நாட்களில் பாதையை மூட வேண்டும், கயிறும் மிதவையும் கரையில் தொங்கவிட வேண்டும். இதைக் கேட்கிற உரிமை நமக்கு உண்டு. தோட்டத்திலிருந்து போன உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும். ஆனால் அவர்கள் செய்து முடிக்கும்வரை ஆறு காத்திருக்காது. அதுவரை மூடுகிற கை நம்முடையதுதான்.

ஆகவே ஒவ்வொரு ட்ரிப்புக்கும் ஒரு காவல் ஆளை நியமியுங்கள். அவர் அன்றைக்குக் குடிக்கக் கூடாது, குளிக்கக் கூடாது, போனில் விளையாடக் கூடாது. வானம், தண்ணீர், பிள்ளைகளின் தலை எண்ணிக்கை, இந்த மூன்றும் அவர் வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று மாற்றிக்கொள்ளலாம். அவர் "போதும், ஏறுங்க" என்று சொன்னால் கேள்வி கேட்காமல் எல்லோரும் ஏற வேண்டும். பெரிய மாமாவும்தான், ஹயர் காசு கொடுத்த மச்சானும்தான். பத்துத் தடவை வீணாக ஏற்றிவிட்டாலும் அவரைக் கேலி பண்ணக் கூடாது. கேலி பண்ணினால் பதினோராவது தடவை அவர் வாயைத் திறக்கமாட்டார். இந்த வேலையை வீட்டில் யார் சொன்னால் எல்லோரும் கேட்பார்களோ அவரிடம் கொடுங்கள். பெரும்பாலும் அது அம்மாயிதான்.

வேனில் ஏறுமுன்

டிரைவர் முந்தின இரவு தூங்கியிருக்கிறாரா, குடிக்கவில்லையா என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். பதினான்கு பேர் வேனில் இருபத்திரண்டு பேர் ஏறாதீர்கள். மலை இறக்கத்தில் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். சின்ன கியரில் இறக்கச் சொல்லுங்கள். 2025 மே 11இல் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. மலைவீதியில் ஒரு நொடி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இருட்டுமுன் வீடு சேர்கிற மாதிரிக் கிளம்புங்கள்.

எங்கே போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைப் பக்கத்துக் காம்பராவில் சொல்லிவிட்டுப் போங்கள். ஆற்றுப் பள்ளத்தில் போன் சிக்னல் இருக்காது. வழியில் கடைசியாக எங்கே சிக்னல் இருந்தது என்பதைப் பார்த்து வையுங்கள். தேவைப்பட்டால் ஓட வேண்டியது அந்த இடத்துக்குத்தான்.

அம்புலன்ஸுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, பொலிஸுக்கு 119. போனில் மட்டும் வைத்தால் போதாது, நனைந்தால் போச்சு. பெரிய பிள்ளைகளுக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டும். இன்றைக்கே சொல்லிக் கொடுங்கள், நாளைக்குக் காலையில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மூன்றையும் சரியாகச் சொல்கிற பிள்ளைக்கு வேனில் முன் சீட்டைக் கொடுங்கள்.